ஃபைபருக்குத் தன் உடம்பு மட்டும்தான் தெரியும்: திரிபை அளக்கும் கண்ணாடி இழை, ஓர் எளிய விளக்கம்

2024 ஆகஸ்ட் 23-ஆம் தேதி ஜாலான் மஸ்ஜிட் இந்தியா என்ற தெருவில் நடைபாதை உள்வாங்கி, நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெண்மணியை விழுங்கிய பிறகு, கோலாலம்பூரில் ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. சாலைக்கடியில் எங்கே பார்த்தாலும் ஃபைபர் கேபிள்தானே ஓடுகிறது, அது நிலம் அசைவதைக் கண்டுபிடித்துவிடுமாமே, அப்புறம் ஏன் யாருக்கும் முன்கூட்டியே தெரியவில்லை? கூடவே இன்னும் இரண்டு பேச்சுகள் வரும். ஃபைபருக்குள்ளே மீட்டருக்கு ஒரு சென்சார் இருக்கிறது என்பார் ஒருவர். அதை வைத்து நாம் தெருவில் பேசுவதையெல்லாம் ஒட்டுக்கேட்கலாம் என்பார் இன்னொருவர்.

மூன்றுக்கும் அடியில் உண்மையான ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. ஒரு நீளமான கண்ணாடி இழையின் ஒரு முனையில் மட்டும் கருவியை மாட்டி, இழை எந்த இடத்தில் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று மீட்டர் மீட்டராகச் சொல்ல முடியும். பல கிலோமீட்டர் தூரத்துக்குச் சொல்ல முடியும். ஆனால் அந்த இழைக்குத் தெரிவது தன் உடம்பு நீள்வதும் சுருங்குவதும் சூடாவதும் மட்டும்தான். நிலத்தைப் பற்றி அதற்கு நேரடியாக எதுவும் தெரியாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மேலே சொன்ன குழப்பங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்ந்துவிடும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஒரு கருவியால் என்ன முடியும், என்ன முடியாது என்பது மக்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் திரிபு என்றால் என்ன

ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியை இழுத்து ஒரு மில்லிமீட்டர் நீட்டுகிறோம். நீண்ட அளவை முதலில் இருந்த நீளத்தால் வகுத்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு வரும். அந்தப் பங்குதான் திரிபு. இழுத்தாலும் திரிபுதான், அமுக்கிச் சுருக்கினாலும் திரிபுதான், குறி மட்டும் மாறும்.

கட்டடத்திலும் மண்ணிலும் வரும் திரிபு இதைவிட மிகச் சிறியது என்பதால், பத்து லட்சத்தில் ஒரு பங்கை அலகாக வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் மைக்ரோ திரிபு. ஒரு கிலோமீட்டர் கேபிள் முழுவதும் சேர்த்து ஒரு மில்லிமீட்டர் நீண்டால் அது ஒரு மைக்ரோ திரிபு. கையில் பிடித்துப் பார்க்க முடியாத அளவு இது, ஆனால் கான்கிரீட்டை இழுத்தால் சுமார் 100 முதல் 150 மைக்ரோ திரிபிலேயே அது விரிசல் விட்டுவிடும் என்று சொன்னால் ஏன் இத்தனை நுணுக்கமாக அளக்கிறார்கள் என்று புரியும்.

இங்கேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். திரிபு வேறு, நகர்வு வேறு. அந்தக் கம்பியை லோரியில் ஏற்றிக் கிள்ளானுக்குக் கொண்டு போனால் அது முப்பது கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும், ஆனால் அதில் திரிபு எதுவும் இல்லை. ஒரு பக்கம் நகர்ந்து இன்னொரு பக்கம் நகராமல் இருந்தால்தான் நடுவில் இழுபடும். "ஃபைபர் நிலம் நகர்வதைக் காட்டும்" என்று யாராவது சொன்னால், அதைப் பாதி சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பத்துமலைப் படிகளில் 272 பேர்

கருவி எப்படி இடத்தைக் கண்டுபிடிக்கிறது என்பதற்கு ஒரே ஓர் ஒப்புமை சொல்கிறேன், கடைசி வரை அது போதும்.

பத்துமலையில் 272 படிகள். படிக்கு ஒருவர் என்று 272 பேரை நிறுத்தியிருக்கிறோம், நாம் அடிவாரத்தில் நிற்கிறோம். நாம் "வேல்!" என்று ஒரு குரல் கொடுக்கிறோம். யாருக்கு எப்போது அது கேட்கிறதோ, அவர் உடனே மெல்லிய குரலில் "வேல்" என்று பதில் சொல்ல வேண்டும். முதல் படியில் நிற்பவரின் பதில் உடனே வரும். உச்சியில் நிற்பவரின் பதில் கடைசியாக வரும். கையில் கடிகாரம் இருந்தால், பதில் வந்த நேரத்தை வைத்தே அது எந்தப் படியிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம்.

இதோடு இன்னொரு விதி. எல்லாரும் ஒரே சுருதியில்தான் பதில் சொல்ல வேண்டும், ஆனால் யாரையாவது பக்கத்திலிருப்பவர் பிடித்து இழுத்தால் அவருடைய சுருதி சற்று ஏறிவிடும். அப்படியானால் நாம் ஒரு படி கூட ஏறாமல், நேரத்தை வைத்து இடத்தையும் சுருதியை வைத்து இழுவையையும் அறிந்துகொள்கிறோம். ஒரே ஒரு காது, 272 இடங்களின் செய்தி.

இதில் வரும் தொல்லைகளும் இழையில் அப்படியே வரும். "வேஏஏல்" என்று நீட்டிக் கூப்பிட்டால் அடுத்தடுத்த படிகளில் இருப்பவர்களின் பதில்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு யார் குரல் யாருடையது என்று பிரிக்க முடியாது. மிகச் சுருக்கமாகக் கூப்பிட்டால் மேலே உள்ளவருக்குக் கேட்கவே கேட்காது. பதில்கள் மெலிதாக இருப்பதால் ஆயிரக்கணக்கான தடவை கூப்பிட்டு, வந்த பதில்களைச் சராசரி எடுத்தால்தான் சுருதி பிடிபடும்.

சரி, ஒப்புமை எங்கே நிற்கிறது என்றால், படியில் ஆளை நிறுத்த வேண்டியிருந்தது, இழையில் யாரையும் நிறுத்த வேண்டியதில்லை. மீட்டருக்கு ஒரு சென்சார் என்பது அதனால்தான் தவறு. பதில் சொல்வது கண்ணாடியே. இழையில் குறிப்பிட்ட புள்ளிகளில் மட்டும் சென்சார் பதிக்கும் முறையும் உண்டு, அது வேறு தொழில்நுட்பம். நாம் பேசுவது இழை முழுவதுமே சென்சாராக இருக்கும் முறையைப் பற்றி. இதைப் பரவல் உணர்தல் என்று சொல்லலாம்.

கண்ணாடி எப்படிப் பதில் சொல்கிறது

தொலைத்தொடர்புக்குப் போடும் இழையின் கண்ணாடி 125 மைக்ரான் விட்டம் கொண்டது. அதன் நடுவே சுமார் 9 மைக்ரான் அளவுள்ள உட்பகுதியில்தான் ஒளி ஓடுகிறது. வெளியே ஒரு பிளாஸ்டிக் பூச்சு, அதோடு சேர்த்து 250 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இந்தக் கண்ணாடி எவ்வளவு சுத்தமானது என்றால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உள்ளே விட்டால் 50 கிலோமீட்டர் போன பிறகும் பத்தில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும். மீதி எங்கே போயிற்று? பெரும்பகுதி சிதறிப் போயிற்று. ஒளி கண்ணாடிக்குள் போகும்போது அதில் மிகச் சிறிய பங்கு எல்லாத் திசைகளிலும் தெறிக்கிறது. இதைத்தான் சிதறல் என்கிறோம். அப்படித் தெறித்ததில் கொஞ்சம் வந்த வழியே திரும்பிக் கருவிக்கே வருகிறது. இணையத்துக்கு இது வீண் இழப்பு. நமக்கு இதுதான் 272 பேரின் பதில்.

கருவி அனுப்பும் குரல், ஒரு குறுகிய ஒளித் துடிப்பு. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு மீட்டர் போய்த் திரும்பிவர 10 நானோ நொடி ஆகும், நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆக, துடிப்பை அனுப்பிய 10,000 நானோ நொடிக்குப் பிறகு வந்த ஒளி, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தது. கணக்கு அவ்வளவுதான். வீட்டு இணைய லைன் அறுந்துபோனால் டெக்னீஷியன்கள் கொண்டுவரும் ஓடிடிஆர் பெட்டியும் இதே கணக்கில்தான் அறுந்த இடத்தைச் சொல்கிறது. அந்தத் தத்துவம் 1976-லேயே வந்துவிட்டது.

துடிப்பின் நீளமும் முக்கியம். 10 நானோ நொடித் துடிப்பு என்றால், ஒரு மீட்டருக்குள் நடப்பவை எல்லாம் ஒன்றாகக் கலந்துதான் வரும். இதற்கு இடப்பகுப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். விற்பவர்களின் தாள்களில் "10 சென்டிமீட்டருக்கு ஓர் அளவீடு" என்று போட்டிருப்பார்கள். பல சமயம் அது உண்மைதான், ஆனால் ஒவ்வோர் அளவீடும் தன்னைச் சுற்றியுள்ள ஒரு மீட்டரின் சராசரியாக இருக்கும். நெருக்கமாகப் புள்ளி வைப்பதால் பார்வை கூர்மையாகிவிடாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, ஐந்து சென்டிமீட்டர் விரிசலின் உருவத்தையே பார்க்கலாம் என்று எதிர்பார்ப்பவர்கள் நிறைய.

இதுவரை பார்த்தது: துடிப்பு போகிறது, கண்ணாடியே கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, திரும்பிவந்த நேரம் இடத்தைச் சொல்கிறது. சுருதி எங்கிருந்து வருகிறது என்பதுதான் பாக்கி.

சுருதி மாறுவது எதனால்

திரும்பி வரும் ஒளி மூன்று வகை. மூன்றுக்கும் மூன்று அறிவியலாளர்களின் பெயர்.

முதல் வகை ராலே சிதறல். கண்ணாடி உருகிய நிலையிலிருந்து உறையும்போது அதன் அடர்த்தி எங்கும் ஒரே சீராக அமைவதில்லை, அந்த ஏற்ற இறக்கம் அப்படியே உறைந்துவிடுகிறது. அதில் பட்டுத் திரும்பும் ஒளியின் நிறம் மாறாது. இதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

இரண்டாவது, நம் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928-ல் கல்கத்தாவில் கண்டறிந்து 1930-ல் நோபல் பரிசு வாங்கிய ராமன் சிதறல். கண்ணாடியின் மூலக்கூறுகள் அதிர்வதால் ஒளியின் நிறம் வெகுவாக மாறித் திரும்புகிறது. அந்த ஒளியின் வலு வெப்பத்தைப் பொறுத்தது, இழுவையைப் பற்றி அது ஏறக்குறைய ஒன்றும் சொல்லாது. அதனால் இழை நெடுக வெப்பநிலை அளக்கும் கருவிகளில் பெரும்பாலானவை ராமன் சிதறலை நம்பி ஓடுகின்றன. தமிழர்கள் நாம் அவர் பெயரைப் பாடப்புத்தகத்தில் படித்ததோடு விட்டுவிடுகிறோம், அது இன்று எத்தனையோ மின்கேபிள்களிலும் எண்ணெய்க் கிணறுகளிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

மூன்றாவதுதான் இங்கே கதாநாயகன்: பிரில்லுவான் சிதறல். பிரான்ஸ் நாட்டின் லியோன் பிரில்லுவான் 1922-ல் இதைக் கணித்து எழுதினார். கண்ணாடியில் உள்ள அணுக்கள் வெப்பத்தால் சும்மா இருப்பதே இல்லை. அந்த அசைவுகள் கண்ணாடிக்குள் ஒலி அலைகளாக ஓடிக்கொண்டே இருக்கின்றன, நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகத்தில், நமக்குக் கேட்காத உச்ச ஸ்தாயியில். நாம் அனுப்பிய ஒளி ஓடும் அந்த அலையில் பட்டுத் திரும்புகிறது. அசையும் ஒன்றில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற எண்ணிக்கை, சற்று மாறிவிடும். எவ்வளவு மாறும் என்பதை ஒலி அலையின் வேகம் முடிவு செய்கிறது. சாதாரண இழையில் அந்த மாற்றம் சுமார் 11 கிகாஹெர்ட்ஸ், அதாவது 11,000 மெகாஹெர்ட்ஸ்.

இப்போது இழையை இழுக்கிறோம். இழுபட்ட கண்ணாடியில் ஒலி போகும் வேகம் மாறுகிறது. வேகம் மாறினால் அந்த 11,000 மெகாஹெர்ட்ஸும் நகர்கிறது. 100 மைக்ரோ திரிபுக்குச் சுமார் 5 மெகாஹெர்ட்ஸ். கருவியின் வேலை, 11,000-த்தில் அந்த ஐந்தைப் பிடிப்பது, அதுவும் ஒவ்வொரு மீட்டருக்கும் தனித்தனியாக. திரும்பி வரும் ஒளி மிக மெலிது, அதனால்தான் ஆயிரக்கணக்கான தடவை கூப்பிட்டுச் சராசரி எடுக்க வேண்டியிருக்கிறது, ஒரு முழு அளவீட்டுக்குச் சில நொடிகளோ சில நிமிடங்களோ ஆகலாம். மறுமுனையிலிருந்தும் இன்னோர் ஒளியை எதிர்த்திசையில் அனுப்பி இந்தச் சிதறலை வலுப்படுத்தும் முறையை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1980-களின் இறுதியில் கொண்டு வந்தார்கள், அதன் பிறகுதான் இது ஆய்வுக்கூடத்தை விட்டுக் கட்டுமான சைட்டுக்கு வந்தது.

வெயிலும் மழையும் செய்யும் குழப்பம்

சுருதி ஏறுவதற்கு இழுவை மட்டும் காரணம் இல்லை, வெப்பமும் காரணம். ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் பிரில்லுவான் அதிர்வெண் சுமார் ஒரு மெகாஹெர்ட்ஸ் ஏறும். அது ஏறக்குறைய 20 மைக்ரோ திரிபு இழுத்ததற்குச் சமம். கருவி பார்ப்பது மெகாஹெர்ட்ஸை மட்டும், அது இழுவையால் வந்ததா சூட்டால் வந்ததா என்று கருவிக்குத் தெரியாது.

நம்மூர் வெயிலை நினைத்துப் பாருங்கள். அதிகாலையில் 24 டிகிரி, மதியம் 33 டிகிரி. வெயிலில் கிடக்கும் கேபிளில் அந்த ஒன்பது டிகிரியே 180 மைக்ரோ திரிபு வேடம் போடும். கான்கிரீட் விரிசல் விடும் அளவையே தாண்டிவிட்டது, உண்மையில் எதுவும் நடக்கவில்லை. மாலை நாலு மணிக்கு இடி மழை கொட்டினால் எல்லாம் தலைகீழாகும். இதைத் தவிர்க்க, கேபிளுக்குள் இரண்டு இழை வைப்பார்கள். ஒன்று கேபிளோடு இறுக்கமாக ஒட்டியது, இழுவையும் சூடும் இரண்டும் அதற்குத் தெரியும். இன்னொன்று குழாய்க்குள் தளர்வாகக் கிடப்பது, சூடு மட்டும் தெரியும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இழுவை மிஞ்சும். வெப்பத்தைக் கழிக்காமல் யாராவது திரிபு வரைபடம் காட்டினால், அது வானிலை அறிக்கையா நிலத்தின் அறிக்கையா என்று தாராளமாகக் கேட்கலாம்.

ஒட்டுக்கேட்பது பற்றி

இப்போது ராலே சிதறல். உறைந்துபோன அந்த அடர்த்தி ஏற்ற இறக்கம் இழையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி அமைப்பு, மாறாதது. மிகச் சீரான லேசர் ஒளியை அனுப்பினால் அந்த அமைப்பிலிருந்து திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் வருகின்றன. இழையின் ஒரு துண்டு துளியளவு நீண்டாலும் அந்தக் கூட்டல் கழித்தல் மாறிவிடும். பிரில்லுவானை விட இது மிக நுட்பமானது, மைக்ரோ திரிபில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றத்தையும் காட்டும். சராசரி எடுக்கத் தேவையில்லாததால் வேகமும் அதிகம். 10 கிலோமீட்டர் இழையில் ஒளி போய்வர 100 மைக்ரோ நொடி, எனவே நொடிக்கு 10,000 தடவை வரை கூப்பிடலாம். அதிர்வுகளைப் பிடிக்க இது ஏற்றது: கேபிளுக்குப் பக்கத்தில் ஓடும் லோரி, எரிவாயுக் குழாய்க்கு அருகே யாரோ தோண்டுவது, தூரத்து நிலநடுக்கம். 2018-ல் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில், கடலடியில் ஏற்கெனவே கிடந்த கேபிளில் 20 கிலோமீட்டரை இப்படிப் பயன்படுத்தி நிலநடுக்க அலைகளைப் பதிவு செய்தார்கள்.

ஆனால் இதற்கு நினைவு குறைவு. இந்த நொடிக்கும் அடுத்த நொடிக்கும் இடையே என்ன மாறியது என்று அருமையாகச் சொல்லும், ஆறு மாதத்தில் மெல்ல மெல்ல எவ்வளவு நீண்டது என்று கேட்டால் திணறும், நடுவில் கருவியை நிறுத்தினால் கணக்கு அறுந்துவிடும். பிரில்லுவான் முறையில் இன்று ஒரு தடவை அளந்துவிட்டு, கருவியை எடுத்துப்போய், இரண்டு வருடம் கழித்து வந்து அளந்து ஒப்பிடலாம்.

தெருப்பேச்சு விஷயம்: காற்றில் போகும் நம் குரலில் மிகச் சொற்பமே தரைக்குள் இறங்கும், அதுவும் மண்ணில் வேகமாக மங்கிவிடும். களத்தில் போடும் இந்த அதிர்வு அளவீடு பொதுவாகச் சில மீட்டர் முதல் பத்து மீட்டர் வரையான துண்டின் சராசரி. பேச்சொலியின் ஏற்ற இறக்கங்கள் அந்த நீளத்துக்குள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சாலைக்கடியில் புதைந்த கேபிள் லோரியை உணரும், நடையையும் உணரலாம், நாசி லெமாக் கடையில் நடக்கும் உரையாடலை அதிலிருந்து எடுக்க முடியாது.

மறுபடி ஒருமுறை: பிரில்லுவான் மெதுவானது, நீண்டகால இழுவையை நினைவில் வைத்திருக்கும். ராலே வேகமானது, அதிர்வுக்கு உரியது. ராமன் வெப்பத்துக்கு.

சாலைக்கடியில் இருக்கும் இணையக் கேபிள் ஏன் உதவவில்லை

இணையக் கேபிளைத் தயாரிப்பவர்களின் கவலையே இழைக்கு இழுவை போய்ச் சேரக் கூடாது என்பதுதான். கண்ணாடி தொடர்ந்து இழுபட்டால் நாளாவட்டத்தில் அறுந்துவிடும். அதனால் இழைகளைக் குழாய்க்குள் ஜெல்லில் மிதக்கவிட்டு, கேபிளின் நீளத்தை விடச் சற்று அதிகமாகவே இழையை உள்ளே சுருட்டி விட்டிருப்பார்கள். கேபிள் இழுபட்டால் அந்த உபரி நீளம் நிமிரும், இழைக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கேபிளும் மண்ணைத் தொடுவதில்லை, பிளாஸ்டிக் டக்டுக்குள், அதாவது பாதுகாப்புக் குழாய்க்குள், சும்மா கிடக்கிறது. மண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இத்தனை தளர்ச்சி. அதிர்வு இதையெல்லாம் தாண்டி வந்துவிடும், அதனால்தான் பழைய கேபிளிலும் லோரியையும் நிலநடுக்கத்தையும் பார்க்க முடிகிறது. மண் மெல்ல உட்காருவது தாண்டி வராது.

சரி, திரிபுக்கென்றே செய்த, இழையை இறுக்கமாகப் பிடித்த கேபிளை மண்ணோடு நேரடியாகப் புதைத்திருந்தால்? அப்போதும் கணக்கு நாம் நினைப்பதை விடக் கடினமானது. சாலைக்கடியில் மூன்று மீட்டர் அகலத்துக்கு ஒரு வெற்றிடம் உருவாகி, அதன் மேலுள்ள மண்ணும் கேபிளும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் தொய்கின்றன என்று வைத்துக்கொள்வோம், இரு ஓரமும் அசையாமல் இருக்கிறது. தொய்வதற்கும் நீள்வதற்கும் வித்தியாசம் உண்டு. மூன்று மீட்டர் கேபிள் ஒரு சென்டிமீட்டர் தொய்ந்தால் அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூட அதிகரிப்பதில்லை. திரிபு வெறும் 30 மைக்ரோ திரிபு. ஒன்றரை டிகிரி வெப்ப மாற்றத்துக்குச் சமம், பல பிரில்லுவான் கருவிகளின் இரைச்சலுக்கும், அதாவது அளவீட்டில் தானாகவே வரும் தடுமாற்றத்துக்கும், பெரிய தூரமில்லை. தொய்வு மூன்று சென்டிமீட்டர் ஆனால் திரிபு ஒன்பது மடங்காகி 270-ஐத் தொடும், அது நன்றாகத் தெரியும். ஆக, கேபிளுக்குக் குறுக்கே நடக்கும் அசைவு ஆரம்பத்தில் அதற்குக் கிட்டத்தட்ட உறைக்காது, வளர்ந்த பிறகுதான் சட்டென்று உறைக்கும். தார்ச்சாலையின் மேல்தளம் தானே பாலமாக நின்று தொய்வைத் தள்ளிப்போட்டால், முன்னெச்சரிக்கைக்குக் கிடைக்கும் அவகாசம் இன்னும் குறையும். வெற்றிடம் கேபிளின் நேர்க்கோட்டிலேயே வர வேண்டும் என்பதும் உண்டு. இரண்டு மீட்டர் தள்ளி வந்தால் கேபிள் அதை அறியாமலே போகலாம்.

இந்தத் தொழில்நுட்பத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது எங்கே சிறக்கிறது என்பதை அடுத்துப் பாருங்கள்.

பைலுக்குள் போகும் இழை

கோலாலம்பூரின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் லட்சக்கணக்கான வருடங்கள் அரித்து, உள்ளே பொந்துகளும் செங்குத்துப் பள்ளங்களும் நிறைந்த பாறை. இரட்டைக் கோபுரத்துக்கு மண் பரிசோதனை செய்தபோது முதலில் குறித்த இடத்தின் ஒரு பாதி இந்தப் பாறை மேலும் மறுபாதி மென்மையான வேறு பாறை மேலும் இருந்ததால், கட்டடத்தையே சுமார் 60 மீட்டர் தள்ளி அமைத்தார்கள். இப்படிப்பட்ட ஊரில், துளையிட்டுக் கான்கிரீட் ஊற்றும் பைல், அதாவது கட்டடத்தைத் தாங்க நிலத்துக்குள் இறங்கும் தூண், ஒவ்வொன்றும் பாரத்தை எந்த ஆழத்தில் மண்ணிடம் ஒப்படைக்கிறது என்று தெரிவது பெரிய விஷயம்.

சைட்டில் இதைச் செய்யும் விதம் பார்க்க எளிமையாக இருக்கும். பைலின் கம்பிக்கூடு தரையில் படுத்திருக்கும்போதே, இறுக்கமான கேபிளை மேலிருந்து கீழ் வரை ஒரு நீளக்கம்பியோடு கட்டி, அடியில் மெதுவான ஒரு வளைவாகத் திருப்பி, எதிர்ப்பக்கக் கம்பி வழியே மேலே கொண்டுவருவார்கள். வளைவு சுருங்கினால் ஒளி அங்கேயே கசிந்துவிடும், அதனால் அந்தத் திருப்பத்தில் அவசரம் கூடாது. எதிரெதிரே இரண்டு பக்கம் வைப்பதால், பைல் நேராக அமுங்குகிறதா வளைகிறதா என்று பிரித்துச் சொல்லலாம். கட்டும்போது கேபிளைக் கொஞ்சம் முன்கூட்டியே இழுத்து விறைப்பாக வைப்பது வழக்கம், அப்போதுதான் அது தளராமல் சுருக்கத்தையும் ஒழுங்காகக் காட்டும். பிறகு கூட்டைக் குழிக்குள் இறக்கி, ட்ரெமி குழாய் வழியாகக் கான்கிரீட் ஊற்றுவார்கள். கான்கிரீட் இறுகும்போது சூடாகும், அந்தச் சூடு தணியும் வரை பொறுத்திருந்துதான் ஆரம்ப அளவை எடுக்க வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கேபிளின் வால்தான் எல்லாவற்றிலும் ஆபத்தான பகுதி. பைல் தலையை உடைத்துச் சீர்செய்யும்போது பிரேக்கர் பட்டு அறுந்தால் கீழே உள்ள முப்பது மீட்டரும் ஊமையாகிவிடும்.

அப்புறம் பைல் மேல் பாரம் ஏற்றுவார்கள். ஒரு மீட்டர் விட்டமுள்ள பைலில் 500 டன் ஏற்றினால் உச்சியில் சுமார் 200 மைக்ரோ திரிபு சுருக்கம் வரும், சந்தேகமில்லாமல் தெரியும் அளவு. கீழே போகப் போக அது குறைந்துகொண்டே வரும், ஏனென்றால் வழியில் உள்ள மண் உராய்வால் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறது. வரைபடம் வேகமாகக் குறையும் ஆழத்தில் மண் நன்றாகத் தாங்குகிறது. எங்காவது மூன்று மீட்டருக்குக் கோடு குறையாமல் அப்படியே நின்றால், அந்த மூன்று மீட்டரில் மண் ஒன்றும் வாங்கவில்லை, இளகிய மண்ணாகவோ பொந்தாகவோ இருக்கலாம். முன்பெல்லாம் ஏழெட்டு ஆழங்களில் தனித்தனி சென்சார்களைக் கட்டி, நடுவில் என்ன நடக்கிறது என்பதை ஊகித்தார்கள். இப்போது ஊகிக்க வேண்டியதில்லை. மலேசியாவிலும் பைல் சோதனைகளில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இங்கே ஏன் இது சரியாக வேலை செய்கிறது என்று கவனியுங்கள். இழை கான்கிரீட்டோடு ஒட்டியிருக்கிறது, அசைவு இழையின் நீளத்தோடு நடக்கிறது, வெப்பம் நிலையாக இருக்கிறது. தன் உடம்பைப் பற்றி இழை சொல்வது அப்படியே பைலைப் பற்றிய உண்மையாகிவிடுகிறது.

மலைச்சரிவுகளில்

உலு கிள்ளான் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது வெறும் பொறியியல் ஆர்வம் இல்லை. 1993 டிசம்பர் 11-ல் அங்கே ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். 2022 டிசம்பரில் பத்தாங் காலி நிலச்சரிவில் 31 பேர். சரிவுகளில் ஃபைபர் வைப்பது பயனுள்ள யோசனைதான், ஆனால் கிள்ளானுக்குப் போன கம்பியை மறந்துவிடக் கூடாது. சரியும் மண் பாளம் கேபிளையும் தன்னோடு சேர்த்துக் கொண்டுபோனால் பாளத்தின் நடுவில் திரிபு ஏறக்குறைய இருக்காது. அசையும் மண்ணும் அசையாத மண்ணும் பிரியும் ஓரங்களில்தான் இழுபடும். அதனால் கேபிள் அந்த ஓரங்களைக் கடந்து போக வேண்டும், இடையிடையே நங்கூரம் போட்டு மண்ணைப் பிடித்திருக்க வேண்டும், ஆழம் குறைவாக இருந்தால் மழையும் வெயிலும் செய்யும் மாற்றத்தைக் கழிக்க வேண்டும்.

உங்கள் கொண்டோவின் தடுப்புச் சுவரிலோ பின்பக்கச் சரிவிலோ ஃபைபர் வைக்கிறோம் என்று யாராவது நிர்வாகக் கூட்டத்தில் வந்து சொன்னால், கருவியின் விலையை விட்டுவிட்டு இவற்றைக் கேளுங்கள். இழை கேபிளோடு இறுகியதா, தளர்ந்ததா? கேபிள் எதோடு, எப்படிப் பிடித்திருக்கிறது? வெப்பத்தை எதை வைத்துக் கழிக்கிறீர்கள்? அளவை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை யார் பார்க்கிறார்கள், எந்த எண்ணைத் தாண்டினால் யாருக்கு அழைப்பு வரும்? புல் வெட்டும் இயந்திரம் வெளியே நீட்டியிருக்கும் வாலை அறுத்துவிட்டுப் போவது நடக்கக்கூடியதுதான், அதற்கு என்ன ஏற்பாடு? கேபிளைச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு முனைகளையும் பூட்டிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். ஒரு முனையிலிருந்தே படிக்கும் கருவியாக இருந்தால், நடுவில் ஓர் இடத்தில் அறுந்தாலும் இந்தப் பக்கம் பாதியும் அந்தப் பக்கம் பாதியுமாகச் சரிவு முழுவதையும் தொடர்ந்து அளக்கலாம்.